பொன்னுதுரை கதவைத் திறக்கவில்லை

என் அன்புக்கும் ஊரார் வசவுக்கும் உரியவரே,

நலமா என்று கேட்க மாட்டேன். நீங்கள் இருக்கிற இடத்தில் முழங்கால் வலி கிடையாது என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். நான் நலம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன். பொழிச்சலூரில் நம் தெருவுக்கு ஒருவழியாகப் புது ரோடு போட்டார்கள். போட்ட கையோடு குழாய்க்காகத் தோண்டியும் விட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் வாசலில் நின்று சிரித்திருப்பீர்கள், நான் கத்தியிருப்பேன். இப்போது இரண்டையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பொன்னுதுரை திரும்பி வந்துவிட்டான். இந்தக் கடிதத்தைச் சபை மலரில் போடப்போகிறார்களாம். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். இப்போதாவது.

டிசம்பர் வந்தால் நம் சர்ச் மைதானத்தில் நாடகம், நாடகம் என்றால் வில்லன் நீங்கள். வீட்டில் ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கத் தெரியாது, முறத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுவீர்கள். மேடை ஏறிவிட்டாலோ, அப்புறம் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் உங்கள் கையால் கிறிஸ்துமஸ் கேக் கூட வாங்காது. மறைமலை நகர் பேக்டரியில் வேலை முடிந்து திரும்பும்போது ரயிலிலேயே வசனம் சொல்லிப் பார்ப்பீர்கள். எதிர் சீட்டில் இருந்த அம்மா ஒருத்தி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள் என்று வீட்டுக்கு வந்து பெருமையடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

நீங்கள் போட்ட வேஷங்களிலேயே ஜனங்கள் மறக்காதது பொன்னுதுரை. தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தன் கல்யாணத்தைக் கூட விட்டுவிட்டு வளர்த்த அண்ணன். அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போகிறாள். பொன்னுதுரை அந்த மாப்பிள்ளையின் வேலைக்கு உலை வைக்கிறான், தங்கை செத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்கிறான். கடைசிக் காட்சியில் அவள் கைக்குழந்தையோடு கொட்டுகிற மழையில் வந்து கதவைத் தட்டுகிறாள். அவன் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறான். திறப்பதில்லை. திரை.

அந்தக் காட்சியில் ஒரு வேலை நீங்களாகச் சேர்த்தது. தங்கை வெறுங்காலோடு வீட்டை விட்டுப் போன அன்று வாசலில் விட்டுப்போன செருப்பு அங்கேயே கிடக்கும். மழை வலுக்கிறது என்று பொன்னுதுரை அதை எடுத்து வந்து, துடைத்து, உள்ளே வைப்பான். செருப்பு நனையக்கூடாது, அவள் நனையலாம்! அந்த இடத்தில்தான் நம் தெருமுனை இஸ்திரிக்கடை மல்லிகா எழுந்து நிற்பாள். சர்ச்சுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறவள். ஆனால் நாடகத்தன்று முதல் வரிசையில் முதல் நாற்காலி அவளுடையது. "இன்னா மன்சன் நீ? செருப்புக்குக் கீற மருவாதி பெத்த பொண்ணு மாரி வளத்தவளுக்கு இல்லியா? தொறண்ணா!" என்று மேடையைப் பார்த்துக் கத்துவாள். நாடகம் முடிந்தாலும் கோபம் முடியாது. ஒரு வாரம் உங்கள் சட்டையை இஸ்திரி போட மாட்டாள். நீங்களும் கசங்கின சட்டையோடு, மெடல் குத்திக்கொண்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேக்டரிக்குப் போவீர்கள்.

எனக்கும் உங்களுக்கும் அதில்தானே சண்டை. "ஒரு தடவை கதவைத் திறந்தா என்னங்க குறைஞ்சுடும்?" என்று கேட்பேன்.

"திறந்துட்டா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவாங்க, ஜெயா."

"தூங்கட்டுமே. கெட்டவன் கெட்டவன்தானே? அவனுக்கு என்ன இவ்வளவு வக்காலத்து?"

நீங்கள் பதில் சொல்லாமல் ரசத்தை ஊற்றிக்கொள்வீர்கள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக வரும்.

நீங்கள் கண்மூடின வருஷம் நாடகம் இல்லை. யாருக்கும் மனசு வரவில்லை. இந்த வருஷம் யூத் செகரட்டரி பிரிசில்லா, அந்தக் கண்ணாடி போட்ட துறுதுறு பெண், பொன்னுதுரையையே மறுபடி போடலாம் என்றாள். வில்லன் யார்? கொயரில் பாடுகிற இம்மானுவேல் சார் உடனே கை தூக்கிவிட்டார். மறுநாளே கூலிங் கிளாஸோடு வந்து, இடுப்பில் கை வைத்து, "ஹா... ஹா... ஹா..." என்று ஒரு சிரிப்பு. கூட்டமே ரசித்தது. எனக்கு வயிறு எரிந்தது. வில்லன் அப்படிச் சிரித்துவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒரே நிம்மதி, இவன் நம்ம ஆள் இல்லை என்று. நாம் யாரும் அப்படிச் சிரிக்க மாட்டோம் இல்லையா? உங்கள் பொன்னுதுரை ஒரு நாளும் யாருக்கும் அந்த நிம்மதியைக் கொடுத்ததில்லை.

உங்கள் சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது. சைக்கிள் போய்விட்டது. நீங்கள் மிச்சம் வைத்ததில் இன்னும் நடமாடக்கூடியது அவன் ஒருத்தன்தான். அவனையும் கோமாளியாக்கிவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? "நானே பண்றேன்," என்று எழுந்துவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். வசனம் முழுக்க எனக்குத் தெரியும், சமையல்கட்டில் எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்!

பிரிசில்லா குதித்தாள். "அண்ணனை அக்காவா மாத்திடலாம் ஆன்ட்டி. பொன்னம்மா!" பாஸ்டர் மட்டும் யோசித்தார். ஒத்திகை பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் இம்மானுவேல் சாரே செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

சரிப்படவில்லைங்க. நான் கண்ணை உருட்டினேன், பல்லைக் கடித்தேன், மேஜையைக் குத்தினேன். பிள்ளைகள் சிரித்தன. பிரிசில்லா என்னைத் தனியே கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. உங்களுக்கு இந்தப் பொன்னம்மாவைப் பிடிக்கவே இல்ல," என்றாள்.

"பிடிக்குமா எப்படி? ராட்சசி!"

"அதான் ப்ராப்ளம்."

அடுத்த நாள் உங்களை அப்படியே செய்து காட்டினேன். உங்கள் நடை, உங்கள் தொண்டைச் செருமல், செருப்பைத் துடைக்கிற விதம் எல்லாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, பாவமாகப் பார்த்தார்கள். அது சிரிப்பை விட மோசம். "அந்தச் செருப்பைத் துடைக்கிறது அங்கிளோடது, ஆன்ட்டி. உங்களோடது எது?" என்றாள் பிரிசில்லா, மெதுவாக. பாஸ்டர் இன்னும் ஒரு ஒத்திகைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை பால் காய்ச்சினேன். காப்பி கலந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஆமாம், இன்னும் இரண்டுதான் ஊற்றுகிறேன், சிரிக்காதீர்கள். வழக்கமாக, "கிழவி, உனக்கு மறை கழண்டுபோச்சு" என்று என்னையே திட்டிக்கொண்டு இரண்டாவதைப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றிவிடுவேன். அன்றைக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சூடு விரலில் ஏறியது. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல்! சொல்லாமல் கொள்ளாமல், பாதி சாப்பாட்டில் எழுந்து போகிறவரைப் போலப் போனீர்களே, ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகக்கூடாதா? நீங்கள் இப்போது வந்து கதவைத் தட்டினால் ஓடிப்போய்த் திறப்பேனா? மாட்டேன். ஒரு நிமிஷமாவது வெளியே நிற்க வைப்பேன். நில்லுங்கள், நான் நின்றேனே, நீங்களும் நில்லுங்கள் என்று.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பொன்னுதுரை ஆயுள் முழுக்க நீட்டிவிட்டான். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் செய்தது தப்பு, இப்போதும் சொல்கிறேன், பெரிய தப்பு. ஆனால் அவன் எங்கேயோ இருந்து வந்தவன் இல்லை. என் அடுப்படியில், கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தவன். இதைத்தான் ரசம் ஊற்றிக்கொண்டு சொல்லாமல் இருந்தீர்களா? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இத்தனை வருஷச் சண்டை மிச்சமாகியிருக்குமே. இல்லை, சண்டை இருந்ததும் நல்லதுதான்.

கடைசி ஒத்திகையில் செருப்பை எடுத்துவிட்டு டம்ளரை வைத்தேன். பாஸ்டர் பொன்னம்மாவை எனக்கே விட்டுவிட்டு, இம்மானுவேல் சாரிடம் மாப்பிள்ளை வேஷத்துச் சட்டைக்கு அளவு கொடுத்துவிடச் சொன்னார். அந்த மாப்பிள்ளைக்கு நாடகத்தில் என்ன பேர், சொல்லுங்கள் பார்ப்போம்? எனக்கும் மறந்துவிட்டது. நல்லவன், பாவம்.

நாடகத்தன்று மைதானம் நிறைந்திருந்தது. மல்லிகா முதல் நாற்காலியில் இருந்தாள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு, நீயெல்லாம் எங்க அண்ணன் வேஷத்தைப் போடுறியா என்கிற மாதிரி. கடைசிக் காட்சி வந்தது. மழைச் சத்தம். பொன்னம்மா காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். இரண்டாவதைப் பார்த்தாள். திருப்பிப் பாத்திரத்தில் ஊற்றினாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, பக்கத்து ஏர்போர்ட்டிலிருந்து விமானம் தலைக்கு மேலே கிளம்பிப் போனது. நம் ஊர் நாடகத்தில் விமானத்துக்கும் ஒரு வேஷம் உண்டு என்பீர்களே. அது போகிற வரைக்கும் யாரும் வசனம் பேச முடியாது, நிற்க வேண்டியதுதான். நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், திறந்துவிடலாம் என்று கை துடித்தது. வெளியே நிற்பது பக்கத்துத் தெரு ஸ்டெல்லா, கையில் இருப்பது பொம்மை, எல்லாம் தெரியும். இருந்தாலும் துடித்தது. நீங்கள் வருஷா வருஷம் அங்கே நின்றது இந்தத் துடிப்போடுதானா?

சத்தம் தேய்ந்தது. இருட்டிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. கத்தல் இல்லை, கெஞ்சல்.

"தொறந்துடுண்ணா... கொயந்த நனையுதுண்ணா..."

மேடையில் நின்றது நான். புடவை கட்டின பொன்னம்மா. அவள் கூப்பிட்டது உங்களை. என்ன சொன்னோம் என்று தெரிந்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆனால் நான் திறக்கவில்லை. திரை விழுகிற வரைக்கும் கையை எடுக்கவும் இல்லை.

எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். இம்மானுவேல் சார், "வீட்டுக்குப் போகவே மனசு வரல சிஸ்டர்," என்றார், முகம் ஒரு மாதிரி இருந்தது. மல்லிகா மட்டும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம். அவளுடைய அண்ணனை நான் கெடுத்துவிட்டேனோ?

திங்கள்கிழமை காலை கேட் தட்டுகிற சத்தம். மல்லிகா. கையில் நான் சனிக்கிழமை இஸ்திரிக்குப் போட்ட துணி மூட்டை, கட்டு அவிழ்க்காமல் அப்படியே. திண்ணையில் தொப்பென்று வைத்தாள்.

"உன் பொடவைய நீயே தேச்சிக்கக்கா. பச்சக் கொயந்தைய மழைல நிக்க வெச்சவளுக்கு நான் வேற தேச்சிக் குடுக்கணுமா? ஒரு வாரத்துக்கு என் கடை பக்கம் வராத!"

விறுவிறு என்று போய்விட்டாள். நான் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அதிலிருந்து ஒரு புடவையை எடுத்து, கசங்கினபடியே கட்டிக்கொண்டு போனேன். நடுவழியாக நடந்து போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். எனக்குத் தெம்பு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு டிசம்பரும் பொன்னுதுரை வருவான், கதவை யாருக்கும் திறக்க மாட்டான், மல்லிகா கெஞ்சினாலும். நம் வீட்டுக் கதவு வேறு. அங்கே நீங்கள் தட்டினால் ஒரு நிமிஷம்தான் நிற்க வைப்பேன். காப்பி ஆறிவிடும்.

கசங்கிய புடவையில்,
உங்கள் மனைவி,
ஜெயசீலி