மேஸ்திரியிடம் நான் சொன்னது

ஆடி 14, செவ்வாய்.

மில்லில் வேலை இருந்தால்தான் மில் லைனில் வீடு. பக்கத்து வீட்டு சாமுவேலுக்கு வேலை போய் மூன்று மாதமாம். அதை மறைக்க, சங்கு ஊதினதும் தூக்குச்சட்டியோடு கிளம்பிவிடுவான். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் அவன் மூட்டை சுமந்ததைப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பெண்டாட்டி ரோசம்மா கிணற்றடியில் என் குடத்தைக் காலால் தள்ளினாள். அதை நான் மறக்கவில்லை. லைன் வீடுகளைப் பார்க்கும் மேஸ்திரிக்கு அவன் வேலை போனது தெரியாது; அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

இன்று வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள்.

"ராஜபாளையத்துல இருந்தாத்தான் வேற மில்லு வாசல்ல நிக்க முடியும். சொந்த ஊரு கான்சாபுரம் போயிட்டா யாருய்யா வேலைக்குக் கூப்பிடுவா?" என்று சாமுவேல் கெஞ்சினான். மேஸ்திரி கதவில் பூட்டை மாட்டினார்.

போகும்போது ரோசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எந்தப் பாவி சொல்லுச்சோ, அது வெளங்குமா ஆச்சி?"

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "வெளங்காது ஏட்டி" என்றேன்.