உரித்து நீட்டிய மங்குஸ்தான்

சாரல் தொடங்கிவிட்டது. நேற்று குற்றாலம் சாலையோரக் கடையில் மங்குஸ்தான் வாங்கினேன். அதன் தோலின் கறை இன்னும் விரலிடுக்கில் இருக்கிறது, சோப்புக்கும் போகவில்லை. உனக்கு எழுத வேறு காரணம் வேண்டியதில்லை.

மேலகரத்திலிருந்து பை நிறைய இந்தப் பழத்தோடுதான் என் வகுப்புக்கு வருவாய். மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை படிக்கும் பிள்ளைகளை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்திருப்பேன். எச்.ஐ.வி. சிகிச்சையைத் துறைதுறையாகப் பிரித்துக் கற்பிக்க முடியாது என்று கல்லூரியோடு சண்டையிட்டு நான் பெற்ற வகுப்பு அது. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் என்று உன்னை அறிமுகப்படுத்துவேன். நீ பழத்தை உரித்து நீட்டிக்கொண்டே, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. எடுத்துக்கோங்க" என்பாய். தொட்டால் பரவாது என்று தேர்வில் எழுதிய கைகள் மேசைக்கடியில் ஒளியும்.

"ஏலே, இந்தப் பழம் உங்க புஸ்தகத்துல இல்லியோ?"

சிரிப்பு எழும். ஒரு கை நீளும், பிறகு மற்றவை.

அதன்பின் பாடம் நடத்துவாய். "மாத்திர போட்டா குமட்டுதுன்னு நர்ஸம்மாட்ட சொன்னேன். அது தெரியாம டாக்டரு, ஒழுங்கா போடுதீரா வேன்னு ஏசுதாரு. மூணு பேரும் என்கிட்ட பேசுதிய. உங்களுக்குள்ள மட்டும் பேச மாட்டேங்கிய."

சென்ற ஆண்டு இருமலோடு ஒரு மருத்துவமனையில் படுத்தாய். "வாத்தியாருக்குச் சொல்லாத, பதறிருவான்" என்று உன் மனைவியைத் தடுத்திருந்தாய். காசநோய் என்றார்கள். நீ மறைக்காமல் எச்.ஐ.வி. என்று சொன்னாய். உடனே கட்டிலில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். கையுறை அணிய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நீ ஏற்கெனவே என்ன மாத்திரை விழுங்குகிறாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காசநோய் மருந்து அந்த மாத்திரையின் வலுவைக் குறைக்கும். அதனால் எச்.ஐ.வி. மாத்திரையை இரண்டு வேளையாக்க வேண்டும். நீ மாதக்கணக்கில் ஒரு வேளையே போட்டாய். எனக்குத் தெரிந்தபோது உன்னால் பேச முடியவில்லை.

உன் காரியம் முடிந்ததும் அந்த மருத்துவமனைக்குப் போய் மூவரையும் சந்தித்தேன். மருந்தாளுநர், "சீட்டுல இருந்தாத்தான சார் தெரியும்" என்றார். செவிலி, "டாக்டர்ட்ட நாங்க எப்படி சார் சொல்லுதது?" என்றார். மருத்துவர் என் பழைய மாணவர். என் மேசையில், உன் கையிலிருந்து முதலில் பழம் எடுத்தவர். "அதைப் பார்க்க வேண்டியது அவங்கதான் சார்" என்றார். அவரது கையுறையைப் பார்த்தபடி எழுந்து வந்தேன்.

கூட்டு வகுப்புக்கு இவ்வாண்டு கால அட்டவணையில் இடமில்லையாம். விடுமுறை நாளான நேற்று, விரும்பியவர்களை வரச் சொன்னேன். சிலர் வந்தார்கள். பழத்தை நானே உரித்துக் கொடுத்து, உனக்கு நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மருந்தாளுமை படிக்கும் பெண் ஒருத்தி எதிரே இருந்த மருத்துவ மாணவனிடம் திரும்பினாள்.

"அண்ணா, ரெண்டு வேளையாக்கணும்னு எனக்குத் தெரிஞ்சா யார்ட்ட சொல்லணும்?"

"என்கிட்டதான்."

"சொன்னா கேப்பியளா?"

அவன் கையில் பழம் அப்படியே இருந்தது. அவன் பதிலுக்காக நான் காத்திருந்தேன், இன்னும் காத்திருக்கிறேன். இனி என்னிடம் படிக்க வரும் ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே நான் பாடத்தைத் தொடங்குவேன், நண்பா.