கடி வாத்தியார்

கம்பெனி கேண்டீனில் வீற்றிருக்கும் அம்மா மகாராணிக்கு,

இதனால் அறிவிப்பது என்னவென்றால், இன்று உன் டிபன் டப்பாவில் ஊறுகாய் கிடையாது. அதன் இடத்தில் இந்தக் கடிதம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படி. இல்லை, முதலிலேயே படித்துவிடு.

நேற்று எங்கள் பள்ளியின் செல்லப்பிராணிக் குழு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது. வாத்தியார் நான்தான். நாய் கடித்தால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குட்டிதானே என்று விடாமல் அன்றைக்கே ஊசி போட வேண்டும் என்று கன்னடத்தில் வெளுத்துக் கட்டினேன். ஒரு வாண்டு எழுந்து, "நிம்கெ நாயி கச்சிதியா அண்ணா?" என்று, என்னை நாய் கடித்திருக்கிறதா எனக் கேட்டது. என்னைக் கடிக்கிற நாய் இன்னும் பிறக்கவே இல்லை என்று மார்தட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

முந்தாநாள் சாயங்காலம் உன்னிடம், "அம்மா, இன்னிக்கு செம கடி வாங்கினேன்" என்றேனே, ஞாபகமிருக்கிறதா? "நீ போடாத கடி ஜோக்காடா?" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

அது ஜோக் இல்லை அம்மா. பால் பூத் பக்கத்துக் குட்டி கணுக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்திருக்கிறது. கழுவினேன், சாக்ஸ் போட்டு மறைத்தேன். இன்று காலையில் அந்தக் குட்டியையும் காணவில்லை.

ஒன்றரை மணிக்கு உன் கம்பெனி கேட்டில் நிற்பேன். பர்மிஷன் போட்டுவிட்டு வா. வழியெல்லாம் திட்டு, பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் கையைப் பிடித்துக்கொள். வாத்தியாருக்கு ஊசி என்றால் பயம்.

இப்படிக்கு,
உன் வாய்ச்சவடால் மகன்