முயல்களை உன்னிடம் விட்டு வந்தேன்

அன்புத் தங்கச்சி அஃபியாவி,

கறுப்பு முயல் குட்டிக்குக் கூடு கட்டத் தன் மார்பு மயிரைப் பிடுங்கத் தொடங்கியிருக்கும். காய்ந்த புல் போட்ட பெட்டியை அதன் கூண்டுக்குள் வைத்துவிடு. ஈரப்புல் கொடுக்காதே, வயிறு ஊதிச் செத்துப்போகும். மரவள்ளித் தோலை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடு. குட்டி போட்டபின் சத்தமே ஆகாது. மிரண்டால் தாயே குட்டிகளைத் தின்றுவிடும். நம் புருஷன் குடித்துவிட்டு வந்தால் அந்தப் பக்கம் விடாதே.

என் கை பரவாயில்லை. முயல் கூண்டின் மேல் ஏறி விழுந்தேன் என்றுதான் இங்கே ஆஸ்பத்திரியில் சொன்னேன். நர்ஸ் நம்பவில்லை.

"எங்க வீட்லயும் முயல் வளக்கிறோம்க்கா. இடுப்பு உயரக் கூண்டுலேருந்து விழுந்தா கழுத்துல விரல் பதியுமா?" என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அன்று நீ குறுக்கே வந்து தடுத்தபோது அவர் உன் வயிற்றைப் பார்த்து, "மொதல்ல நீ பெத்து முடி, அப்புறம் உனக்கும் இருக்கு" என்றாரே, அதைக் குடிவெறிப் பேச்சு என்று விட்டுவிடாதே. நீ இந்த வீட்டுக்கு வருமுன், மாசமாயிருந்த என்னிடமும் அப்படித்தான் சொன்னார். பிறக்கும்வரைகூட அவர் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அபோமேயிலுள்ள உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு. துணிமணி எடுக்க நிற்காதே. முயல்கள் செத்தால் சாகட்டும்.

உன்
மூத்தவள்