பாட அறையில் ஏழு நாற்காலிகள்

செவ்வாய்க் கிரகம், தெற்குக் குடியிருப்பு. நாள் 41, காலை 08:10

மருத்துவப் பதிவு. எழுதுவது தில்லைநாயகி, குழந்தை மருத்துவர்.

இங்கே பிறந்த குழந்தைகள் ஏழு பேர். மூத்தவளுக்கு ஐந்து வயது, கடைக்குட்டிக்கு மூன்றரை. எடை, எலும்பு, ரத்தம் எல்லாம் சரி. சுபைதாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. செழியன் தள்ளிவிட்டானாம். செழியனின் முன்கையில் பல் தடம். அது சுபைதா. இப்போது இருவரும் ஒரே போர்வைக்குள் புகுந்து ரயில் ஓட்டுகிறார்கள். அவர்கள் ரயிலைப் பார்த்ததே கிடையாது. சிகிச்சை தேவையில்லை.

நாள் 58, மாலை 16:30

பூமியிலிருந்து கப்பல் வந்தது. புதிய நிர்வாகி இரத்தினசபாபதி இறங்கினார். அவர் போட்ட முதல் ஆணை, விளையாட்டுக் கூடத்தை மூடச் சொல்லித்தான். இனி அது பாட அறை. ஏழு நாற்காலி, ஏழு திரை. தினம் ஆறு மணி நேரம். பெரியவர் யாரும் உள்ளே இருக்கத் தேவையில்லை, திரை போதுமாம்.

உள்தொடர்பில் அழைத்துக் கேட்டேன். பதிலை அப்படியே இங்கே சேர்க்கிறேன்:

“டாக்டர், இங்க மூச்சு விடுற காத்தக்கூட நாமதான் உண்டாக்குறோம். ஓடி ஆடுற பிள்ளைங்க ரெண்டு மடங்கு இழுக்குது. எதுக்குன்னு சொல்லுங்க பாப்போம்? பத்து வயசுல இதுங்க வேலைக்கு வந்தாகணும். படிக்கட்டும். விளையாட்டெல்லாம் பூமியில இருக்கிறவங்களுக்கு.”

எழுத்தில் பதில் கொடுத்தேன். பெட்டிக்குள் நுழையும் குழந்தை தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று அளக்கிறது. யார் டிரைவர் என்று சண்டை போடும் குழந்தை, எதிரில் நிற்பவனுக்கும் ஒரு மனசு உண்டு என்று கண்டுபிடிக்கிறது. போட்ட திட்டம் சொதப்பினால் அடுத்தது என்ன என்று அதுவே யோசிக்கிறது. மூன்று வயது மூளைக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது. இதைப் பறித்துவிட்டுப் பாடம் புகட்டுவது, வேரை வெட்டிவிட்டு இலைக்குத் தண்ணீர் தெளிப்பது.

“பார்த்தேன்” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

நாள் 130, காலை 09:00

குடியிருப்பே பாராட்டுகிறது. நான்கு வயதுக் குழந்தைகள் எல்லா வால்வுகளின் பெயரையும் ஒப்பிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ரோஸி; அவள் அம்மா பிலோமினா கதவுப் பிரிவுப் பொறியாளர். பிலோமினாவும் பூரித்துப்போய் அழைத்தாள்:

“அக்கா, ரோஸி நேத்து ஆக்ஸிஜன் குழாய் போற வழி பூரா சொல்றா. எனக்கே அதுல பாதி, வேலைக்குச் சேந்த பிறகுதான் தெரியும்.”

நான் ஒரு காலிப் பெட்டியை எடுத்துச் செழியனிடம் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கேட்டான்:

“இது எந்தப் பாடம் அத்தை?”

மாதக்கணக்கில் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. கடி இல்லை, அழுகை இல்லை. அறிக்கையில் நிர்வாகி இதைச் சாதனை என்று எழுதியிருக்கிறார். மருத்துவர் என்ற முறையில் நான் எழுதுவது இது: ஏழு பேரும் நோயாளிகள். பூமிக்கும் அனுப்பிவிட்டேன். அனுப்பியதை நிர்வாகி பார்த்தால் பார்க்கட்டும்.

நாள் 203, பிற்பகல் 15:40

நிலம் அசைந்து பாட அறையின் கூரையில் விரிசல் விட்டது. மின்சாரம் போய், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அறையில் காற்று குறையத் தொடங்கியது.

அந்த அறைச் சுவரில், தரையை ஒட்டி ஒரு வட்ட மூடி இருக்கிறது. பின்னால் உணவுக்கூடத்துக்குப் போகும் தப்பும் வழி. ஒளிந்து விளையாடிய காலத்தில் பிள்ளைகள் அதற்குள்தான் நுழைவார்கள். ரோஸி அதை ஒரு கையால் திறந்துவிடுவாள். பாட அறை ஆனபோது அதன்மேல் ‘தொடாதே’ என்று ஒட்டினார்கள்.

நாங்கள் கதவை அறுத்து உள்ளே போனோம். ஏழு பேரும் ஏழு நாற்காலியில். ஆறு பேருக்கு மூச்சு திரும்பியது. ரோஸிக்கு விரிசல் நேர் மேலே இருந்தது.

நாள் 203, மாலை 18:05

கேமராவுக்குத் தனி பேட்டரி. அந்தப் பதிவைப் பார்த்தேன்.

திரைகள் அணைகின்றன. யாரும் எழவில்லை. ‘ஆபத்து வந்தால் திரை சொல்வதைச் செய்’ என்பது அவர்களுடைய முதல் பாடம். ரோஸி மூடியைத் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு கையைத் தூக்குகிறாள். அணைந்து கிடக்கும் திரையிடம் எழுந்திருக்க அனுமதி கேட்கிறாள். மேசையில் சாயும்வரை அந்தக் கையை அவள் இறக்கவே இல்லை.

எழுத முடியவில்லை. துக்கத்தினால் இல்லை.

நாள் 205, காலை 10:20

பூமியின் பயிற்சி அலுவலகத்திலிருந்து வந்த செய்தி. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை:

“இழப்புக்கு வருந்துகிறோம். எனினும் மாணவர்கள் இறுதிவரை இருக்கையை விட்டு எழாதது திட்டத்தின் ஒழுங்குக்குச் சான்று. திரைகளுக்கு மாற்று பேட்டரி அடுத்த கப்பலில் அனுப்பப்படும். பாடங்களைத் தொடரவும்.”

சான்றாம்.

இதைக் கண்டெடுப்பவர் எவராக இருந்தாலும் மறுபடி ஒருமுறை படியுங்கள். பேட்டரி அனுப்புகிறார்களாம்.

நாள் 209, காலை 11:15

பாட அறை பழுதில் கிடப்பதால் ஆறு பேரையும் உணவுக்கூடத்தில் விட்டிருக்கிறார்கள். இத்தனை நாளாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்று சுபைதா எழுந்து நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டாள். ஏழு. செழியனைப் பிடித்து ஒன்றில் உட்காரவைத்தாள்.

“நீதான் ரோஸி. நீ பேசக்கூடாது.”

செழியன் மேசையில் சாய்ந்தான். மற்றவர்கள் தரையில் தவழ்ந்து மூடியைத் தேடினார்கள். “கெடச்சிருச்சு, திறந்திருச்சு” என்று கடைக்குட்டி கத்தினான். எல்லோரும் சேர்ந்து செழியனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவனுக்குக் கூச்சம், சிரித்துவிட்டான். உடனே சுபைதாவுக்குக் கோபம். “ரோஸி சிரிக்கல. முதல்லேந்து.”

முதலிலிருந்து. திரும்பவும் முதலிலிருந்து. மூடி ஒருமுறை திறந்தது, ஒருமுறை சிக்கியது. சிக்கியபோது வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

பிலோமினா வாசலில் நிற்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். நிறுத்தப் போகிறாள் என்று பயந்தேன். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நான் யாரு?”

சுபைதா கொஞ்சம் யோசித்தாள். “நீங்க கதவு. நாங்க தட்டுனா திறக்கணும்.”

தட்டினார்கள். பிலோமினா கைகளை விரித்தாள். ஆறு பேரும் அவள் மடிமேல் வந்து விழுந்தார்கள். அப்போதுதான் அவள் முதன்முதலாக அழுதாள். இந்த வைத்தியம் என் மருந்துப் பெட்டியில் இல்லை.

நாள் 210, காலை 08:45

நிர்வாகியின் ஆணை: “இறந்த மாணவியைக் கேலி செய்யும் விளையாட்டு உடனே நிறுத்தப்படும். நாளை முதல் உணவுக்கூடத்தில் பாடம். தடுப்பவர்கள் காவலில் வைக்கப்படுவர்.”

கேலியாம். அந்தக் குழந்தையைக் கொன்ற பாடத்தை மறுபடி நடத்தப் போகிறவர், கேலியைப் பற்றிப் பேசுகிறார்.

நாள் 211, காலை 09:30

உணவுக்கூடத்தின் கதவைப் பிலோமினா உள்ளிருந்து பூட்டிவிட்டாள். பூட்டு அவள் அமைத்தது. வெளியிலிருந்து திறக்காது. உள்ளே நாங்கள் இருவர், குழந்தைகள் ஆறு பேர், நாலைந்து நாளுக்குச் சாப்பாடு.

வெளியே நடப்பது ஒலிபெருக்கியில் கேட்கிறது. கதவை அறுக்கச் சொல்லிச் செழியனின் அப்பா முத்துராக்குவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது:

“உள்ள எம்பையன் சிரிக்கிற சத்தம் கேக்குது சார். எத்தனை மாசமாச்சு தெரியுமா? நான் அறுக்க மாட்டேன். மிசின் இந்தா இருக்கு, நீங்களே பிடிங்க.”

நாள் 211, காலை 10:50

நிர்வாகியே மிசினைப் பிடித்துவிட்டார். கதவின் மேல் மூலை சிவந்து வருகிறது. அறுக்கத் தெரியாமல் அறுக்கிறார்.

சத்தம் கேட்டதும் விளையாட்டு நின்றது. ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், திரையைப் பார்ப்பதுபோல. இதைச் செய், அதைச் செய் என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிலோமினாவையும் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு சுபைதா ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். போதாது என்று கடைக்குட்டி சொன்னான். அடுக்கினார்கள். சரிந்தது. பெரியதைக் கீழே போடலாம் என்று ஒருத்தி சொல்ல, ஏற்கெனவே அதைத்தான் சொன்னேன் என்று செழியன் அவளை அடிக்க, அவள் திருப்பி அடிக்க, அடித்துக்கொண்டே மறுபடி அடுக்குகிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஒருவரும் சொல்லித்தரவில்லை.

10:58

கதவின் ஒரு பக்கம் விட்டுவிட்டது. புகை. குழந்தைகள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

செழியன் கத்துகிறான். பெரிய மேசையைத் தூக்க ஆள் போதவில்லையாம், எழுதினது போதும் வாங்க அத்தை என்கிறான். அதனால் இத்துடன்...