இப் என்றால் இம்

திருகோணமலை
12.08.1990

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும், என்னை வீட்டில் வைத்திருக்கிற சாச்சியும் சுகம். கடல் கடக்கிற லாஞ்சு ஓடாமல் நின்று இரண்டு மாதமாகிறது. நான் இந்தக் கரையில், நீங்களும் மகளும் மூதூரில். செல் குண்டு விழுந்த அன்று கிணற்றடியில் நின்ற பல்கீஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது.

தை மாதம் அவள் முதலாம் ஆண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பிக்கிற டீச்சரின் மகள் எழுத்துத் தெரியாமல் போய் நின்றால் என் முகத்தை எங்கே வைப்பது? உங்கள் தையல் மெஷினை அரை மணி நேரம் நிறுத்தினால் உலகம் அழியாது. மட்டையில் ஆறு மெய்யெழுத்து வெட்டி அனுப்புகிறேன்: க், ச், ட், த், ப், ம். பாயில் பரப்பி, 'இக்' என்று சொல்லுங்கள், அவள் எடுத்துத் தரட்டும். முன்னால் இருக்க வேண்டாம். பிள்ளைகள் கள்ளர், உதட்டைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். பின்னால் இருந்து சொல்லுங்கள்.

உங்கள் ஸாலிஹா

மூதூர்
26.08.1990

அன்புள்ள ஸாலிஹாவுக்கு,

வஅலைக்குமுஸ் ஸலாம். உன் மட்டைகளை ஜவாஹிர் காக்கா கொண்டுவந்து தந்தார். கரை தாண்டிப் போய்வரப் பாஸ் வைத்திருக்கிற அவர் இல்லாவிட்டால் நம் கதை கந்தல்தான்.

படிப்பிக்கிற வேலை எனக்குச் சரிவராது, டீச்சரம்மா. முன்னால் இருந்து கேட்டால் ஒன்றிரண்டு எடுக்கிறாள். அதிலும் இப் என்றால் இம்மைத் தருகிறாள், இம் என்றால் இப்பை. நீ சொன்னபடி பின்னால் இருந்தேன். ஒன்றுகூட எடுக்கவில்லை. மட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிறாள், என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்தப் பிடிவாதம் என் பக்கத்தில் யாருக்கும் இல்லை, கண்டியோ?

கலீலுர் றஹ்மான்

திருகோணமலை
09.09.1990

அன்புள்ள மச்சானுக்கு,

பிடிவாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. நீங்கள் கொடுக்கிற செல்லம். உம்மா பக்கத்தில் இல்லை என்று தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், தகப்பனைக் காணாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் பதினெட்டையும் எடுக்கிறார்கள்.

கேட்காவிட்டால் இரண்டு போடுங்கள். நான் சொன்னேன் என்றே போடுங்கள். கை சுட்டால் புத்தி வரும்.

ஸாலிஹா

மூதூர்
23.09.1990

ஸாலிஹாவுக்கு,

போட்டேன். உன் ஆசை தீர்ந்ததா?

பின்னால் இருந்து இட், இட், இட் என்று ஏழெட்டுத் தரம் சொன்னேன். அவள் பாட்டில் இருந்தாள். ஆத்திரத்தில் துணி அளக்கிற அடிமட்டத்தால் கையில் அடித்தேன். அப்போதுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள். அழுத சத்தமும் ஒரு மாதிரி, அவளுடைய சத்தம் போலவே இல்லை. அழுதுகொண்டே என் வாயைப் பார்த்து, "சொல்லுங்க வாப்பா, சொன்னாத்தானே எடுப்பன்" என்கிறாள். நான் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்?

மூன்று நாளாக இதே கூத்து. மூன்று நாளும் அடித்தேன். இனி என்னால் ஏலாது.

றஹ்மான்

திருகோணமலை
29.09.1990

மச்சான்,

அவளை அடிக்க வேண்டாம். மட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள்.

அவள் பார்க்காதபோது பின்னால் நின்று பெரிய சட்டியைச் சீமெந்துத் தரையில் போடுங்கள். என்ன செய்கிறாள் என்று பார்த்து ஜவாஹிர் காக்காவிடம் அன்றைக்கே கடிதம் கொடுத்து விடுங்கள். யா அல்லாஹ், நான் நினைப்பது பிழையாக இருக்க வேண்டும்.

ஸாலிஹா

மூதூர்
04.10.1990

ஸாலிஹா,

சட்டியைப் போட்டேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டுக் கத்தியது. பல்கீஸ் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரு முடி அசையவில்லை.

செல் விழுந்த நாளிலிருந்துதான். இப்போது எல்லாம் விளங்குகிறது. எந்த நேரமும் என் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் திரிந்தாள், உம்மாவைத் தேடுகிற பாசம் என்று நினைத்தேன். கீறல் இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்த்தேன். காதைப் பார்க்க எனக்குத் தெரியவில்லையே.

இங்கே டொக்டர் இல்லை. நான் கிட்டப் போனால் இரண்டு கையையும் சட்டைக்குள் ஒளிக்கிறாள். சோறு ஊட்டப் போனாலும் ஒளிக்கிறாள். பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாதான் ஊட்டுகிறா. நீ வந்துவிடு.

றஹ்மான்

திருகோணமலை
15.10.1990

அன்புள்ள மச்சானுக்கு,

பாஸ் கேட்டு மூன்று தரம் போனேன். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னேன். அங்கே இருந்தவர், "அப்ப நல்லதுதானே, செல் சத்தம் கேக்காது" என்று சிரித்தார். அடுத்த மாதம் வரட்டாம். காது டொக்டரிடமும் கேட்டேன். நரம்பு போயிருந்தால் திரும்பி வராது என்றார்.

நேற்று வகுப்பில் என்னால் ஓர் எழுத்தும் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. இப்புக்கும் இம்முக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடும், அதனால்தான் மாற்றி மாற்றித் தந்திருக்கிறாள். உதட்டைப் பார்த்து எடுத்தவளைக் கள்ளி என்றேன். அது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் இருந்தது, அதையும் பார்க்க விடாமல் உங்களைப் பின்னால் இருத்தினேன்.

மச்சான், அடித்தது நீங்கள் இல்லை. நான் இங்கிருந்து அடித்தேன். வாப்பாவின் கைக்கு அவள் பயப்படக் கூடாது, உம்மாதான் அடிக்கச் சொன்னது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இதை எப்படியாவது அவளுக்கு விளங்கப்படுத்துங்கள் என்று எழுதத்தான் இருந்தேன். எழுதும்போதுதான் யோசித்தேன்: சொன்னால் அவளுக்குக் கேட்காது. எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியாது.

ஸாலிஹா