படகில் ஆறாவது இடம்

ஜூலை 3, வியாழன்

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். துணி பாதிதான் காய்ந்தது.

பேத்தி தேவி வேலை விட்டு வந்ததும் வராததுமாக, "பாட்டி, அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை நாம காட்டுக்குப் போறோம்" என்றாள். தெலுக் பஹாங் வரை காரில். அங்கிருந்து படகு. படகு போய் நிற்கும் கடற்கரையில் பச்சை ஆமை கரையேறி முட்டையிடுமாம். காட்டில் ஒரு குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. போனில் காட்டினாள். உடும்பும் உண்டு. கடல் பருந்தும் உண்டு.

பினாங்கில் பிறந்து எழுபத்திரண்டு வயது. கடலைப் பார்க்காத நாள் குறைவு. சின்னப் படகில் கால் வைத்ததே இல்லை. ஃபெர்ரி சேராது. அது பஸ் மாதிரி.

மருமகள் கலா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அத்தைக்கு முட்டி வலி. எறங்குறப்ப தண்ணியில குதிக்கணுமாம். வீட்லயே இருக்கட்டுமே" என்றாள்.

வீட்லயே இருக்கட்டுமே. இதே வார்த்தை. முதலில் சொன்னவள் இவள் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன். கை வலி.

ஜூலை 4, வெள்ளி

வெயில். பாசாரில் கீரை வாடல். வாங்கவில்லை.

நாற்பத்தொரு வருடம் முன்பு. என் வீட்டுக்காரர் குடும்பம் முழுக்கப் படகில் கலங்கரை விளக்கம் பார்க்கப் போனது. என்னைத் தவிர. வாசலில் நின்று சொன்னது நாத்தனார் சரோஜா. இடது கையில் குடை. மஞ்சள் வாயில் சேலை, நீலப் பூ. "அண்ணிக்குக் கடல் ஒத்துக்காது. வாந்தி எடுப்பாங்க. வீட்லயே இருக்கட்டுமே. வந்தா சாப்பாடு ரெடியா இருக்கும்." படகே ஏறாதவளுக்குக் கடல் ஒத்துக்காது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

கானாங்கெளுத்திக் குழம்பு வைத்தேன். திரும்பி வந்து உப்பு குறைவு என்றாள். குறைவு இல்லை. சரியாக இருந்தது.

இன்னொன்றும் ஞாபகம். அந்த மஞ்சள் சேலையை அதற்கப்புறம் அவள் கட்டவே இல்லை. நான் ஒரு நாள் இரவல் கேட்டிருந்தேன். தரக்கூடாதென்று ஒளித்துவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

மகன் சேகர் வந்து உட்கார்ந்தான். படகில் ஆறு பேர் போகலாம். நான், அவன், கலா, தேவி, தேவியோடு வேலை செய்யும் மே லிங். ஒரு இடம் காலி.

"அம்மா, மொதல்ல நீங்க வர்றதே முடிவாகல. கலா பயப்படுறா."

"அவ பயந்தா அவ வீட்ல இருக்கட்டும்."

தேவி சிரித்துச் சோற்றைக் கொட்டினாள். கயிற்றில் தொங்கிக்கொண்டே மரத்துக்கு மரம் போகும் இடமும் பக்கத்தில் இருக்கிறதாம். நானும் போகலாமா என்று கேட்டேன். மூன்று பேரும் ஒன்றாக "இல்ல!" என்றார்கள். கேட்டுத்தானே பார்த்தேன்.

கடைசியில் கலா சொன்னது: தண்ணீர்மலை முருகன் கோவில் படி ஏறிக் காட்டினால் சரி.

மத்தியானம் போன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சரோஜா. "அண்ணி, தேவி சொன்னா. ஒரு எடம் சும்மா இருக்காமே?"

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவள் அண்ணனைக் கட்டி ஐம்பது வருடம் ஆகிறது.

ஜூலை 8, செவ்வாய்

மேகம். நல்லது. முட்டிக்குத் தைலம், மேலே பட்டை. ஏழரைக்குத் தண்ணீர்மலை. சேகர் இறக்கி விட்டுப் போனான். யாரும் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் வளைவு வரை சுகம். இரண்டாவது வளைவில் மூச்சு. ஒரு சீனக் கிழவர் ஓடியே ஏறினார். காலை வணக்கம் வேறு சொன்னார், மலாயில். பதில் சொல்ல மூச்சு இல்லை.

பாதியில் நிழலுக்கு ஒதுங்கினால் அங்கே ஒருத்தி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். சரோஜா! புக்கிட் மெர்தாஜாமிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறாள்.

"என்ன இங்க?"

"வேண்டுதல் அண்ணி. நீங்க?"

"எனக்கும் வேண்டுதல்தான்."

இரண்டு பேரும் மேலே பார்த்தோம். இன்னும் அவ்வளவு படி. முருகன் இறங்கி வந்தால்தான் உண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

அப்புறம் கேட்டேவிட்டேன். அந்த மஞ்சள் சேலை எங்கே?

விசிறி நின்றது. "அதெல்லாம் இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா? கடல்ல வீசிட்டேன் லா அண்ணி."

"ஏன்?"

"போறப்பவும் வாந்தி, வர்றப்பவும் வாந்தி. நான்தான். சேலை முழுக்க. சின்ன அண்ணியோட சேலையச் சுத்திக்கிட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கினேன். வாசல்ல அவ்ளோ பேசிட்டுப் போனேனே, எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு சொல்றது? வந்த ஆத்திரத்துலதான் உப்பு கொறைவுன்னேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

உப்பு சரியாக இருந்தது. அவள் வாயால். தண்ணீர்மலையில். செவ்வாய்க்கிழமை.

அந்த நேரம் பார்த்துக் கலாவிடமிருந்து போன். நான் மூச்சு வாங்குவது கேட்கக்கூடாது. சரோஜா போனைப் பிடுங்கினாள். "கலா, நான் சித்தி பேசுறேன். அண்ணியா? மேல வரைக்கும் ஏறிட்டாங்க லா! நான்தான் பின்னால தங்கிட்டேன். இப்ப சாமி கும்பிடுறாங்க, அப்புறம் பேசு."

கோவில் படியில் உட்கார்ந்து இப்படி ஒரு பொய். முருகனுக்கு இருந்த இடத்திலிருந்தே கும்பிடு போட்டோம். இறங்கினோம்.

கீழே பசியாறும்போது, "ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு ரெடியா இரு. லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவேன்" என்றேன். தோசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் அழுதாளோ என்னமோ, நான் பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

என் வீட்டுக்காரர் படத்துக்கு இன்று பூ வைக்கவில்லை. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

ஜூலை 11, வெள்ளி

காற்று. ஞாயிறு வெயில் அடிக்கும் என்கிறது தேவி போன்.

எடுத்து வைத்தது:
தைலம், முட்டிப் பட்டை
தொப்பி (சேகருடையது, எனக்குப் பெரிசு)
ரப்பர் செருப்பு
புளிச்சோறு, அவித்த முட்டை, ஊறுகாய்
மாற்றுச் சேலை
எலுமிச்சம்பழம் 4

பிளாஸ்டிக் பை கூடாது. குரங்கு பிடுங்கும் என்றாள் தேவி. எல்லாம் மூடி போட்ட வாளியில்.

இவர் படத்துக்குப் பூ வைத்தேன். ஒன்றுதான். சின்னது.

ஜூலை 13, ஞாயிறு

வெயில், வெயில், வெயில்! சரோஜா ஆறு மணிக்கே வாசலில். நேற்றே வந்து மகள் வீட்டில் தங்கினாளாம்.

புது வண்டியோ தூரப் பயணமோ, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் நம் வீட்டில் கிளம்பியது இல்லை. காருக்குத் தினமும்தான் ஓட்டம், படகுக்குத்தானே முதல் பயணம் என்று நாலு பழத்தையும் பத்திரமாகக் கொண்டுபோனேன். படகுத் துறையில் குனிந்து பார்க்கிறேன். வைக்க இடமில்லை.

படகுக்காரர் தமிழ் முஸ்லிம், நாற்பது வயசு இருக்கும். "என்னம்மா தேடுறீங்க?"

"இத எங்க வைக்கிறது தம்பி?"

"இது படகு லா அம்மா! டயருக்கு நான் எங்க போவேன்?" துறை முழுக்கச் சிரிப்பு. மே லிங்குக்குத் தேவி சொல்லிச் சொல்லி, அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவரே, "முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு தண்ணியில போடுங்க. நல்லதுதானே" என்றார். போட்டேன். மீதி இரண்டு இடுப்பில்.

படகு கிளம்பியது. மூக்கு தூக்கிக்கொண்டு பறக்கிறது. முகமெல்லாம் உப்பு. கத்தினேன். சரோஜாவும் கத்தினாள். பருந்து ஒன்று தலைக்கு மேல்.

முனை தாண்டியதும் அலை. சரோஜா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வயிறு புரண்டது. புளிச்சோறு வாசனை வேறு. ஓரமாகக் குனிந்தேன். எல்லாம் கடலுக்கு.

சரோஜா ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்தாள், மறு கையால் என் இடுப்பிலிருந்தே எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்தாள். காதோரமாக, "அன்னிக்கே சொன்னேன்ல அண்ணி, ஒத்துக்காதுன்னு."

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் நேர் கீழே, தண்ணீருக்குள், பெரிய தாம்பாளம் மாதிரி. பழுப்பு, பச்சை. தலை மேலே வந்தது. கிழட்டு முகம். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, என்னைப் பார்த்து, கீழே போயிற்று.

"ஆமை! ஆமை!"

எல்லோரும் திரும்புவதற்குள் வெறும் தண்ணீர். கரையில் குரங்கு, உடும்பு, தொட்டியில் ஆமைக்குஞ்சு எல்லாம் பார்த்தோம். கடலில் பெரிய ஆமையைப் பார்த்தது நான் ஒருத்திதான். குனிந்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

சரோஜா நம்பவில்லை. "மயக்கத்துல ஏதாச்சும் கல்லப் பாத்திருப்பீங்க" என்றாள். சொன்னபோது அவள் இருந்தது படகின் இடது பக்கம். தலையில் நீலத் துண்டு. மணி ஒன்பதே கால்.